மறுபடியும் முதல் கூட்டம்

நகரப் பொது நூலகம் வருஷத்துக்கு ஒரு நாவலுக்குப் பரிசு கொடுக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்க ஒரு மன்றம் இருக்கிறது. மன்றத்துக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், உறுப்பினர்கள், உறுப்பினர்கள் உட்கார மெத்தை வைத்த நாற்காலிகள், எல்லாம் உண்டு. போதாததற்கு, மக்களையும் மதிக்கிறோம் என்று காட்டிக்கொள்ள, 'சாதாரண வாசகர்' என்று ஒருவரைக் குலுக்கலில் பிடித்து உட்கார வைப்பார்கள். அவருக்கு மட்டும் மெத்தை இல்லாத நாற்காலி. மெத்தையில் உட்கார்ந்தால் சாதாரணம் கெட்டுவிடும் அல்லவா.

இந்த வருஷம் குலுக்கலில் மாட்டியவர் ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.

உண்மையைச் சொன்னால், நூலக அட்டைதான் அவர் பேரில் இருந்தது. வாசகி அவர் மனைவி. அடுப்படியில் ஒரு புத்தகம், கட்டிலடியில் ஒரு புத்தகம் என்று அந்த அம்மாள் தின்று தீர்ப்பாள். மிச்சம் மீதி இவருக்கு. கடைகளில் ஃப்ரிட்ஜுக்கு கேஸ் ஏற்றிவிட்டு, குளிர்கிறதா என்று பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் இவர் படிக்கும் நேரம்.

மன்றத்தின் முன் வந்திருந்த நாவலையும் அப்படித்தான் படித்தார். கதை இதுதான். ஒரு பெண் வயதாகிச் செத்துப்போகிறாள். கண்ணைத் திறந்தால் அதே வீட்டில், அதே அம்மாவுக்கு, அதே குழந்தையாகப் பிறந்திருக்கிறாள். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. சரி, இந்தத் தடவையாவது ஒழுங்காக வாழ்ந்துவிடலாம் என்று பார்க்கிறாள். படிப்பை மாற்றுகிறாள், ஊரை மாற்றுகிறாள், புருஷனைக்கூட ஒரு தடவை மாற்றிப் பார்க்கிறாள். ஆனால் ஒவ்வொரு பிறவியிலும் ஒரு மழை நாள் வருகிறது. சண்டை போட்டுக்கொண்டு போன தங்கை திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். இவள் திறப்பதில்லை. ஒரு பிறவியில் கோபம், ஒரு பிறவியில் தூக்கம், இன்னொன்றில் வெறும் பயம். கடைசிப் பிறவியில்தான் விழுந்தடித்து ஓடிப்போய்த் திறக்கிறாள். வாசலில் நின்ற தங்கை, "குடையை விட்டுட்டுப் போயிட்டேன்க்கா" என்கிறாள். இவள் குடையை எடுத்துக் கொடுக்கிறாள். அவ்வளவுதான், நாவல் முடிந்தது.

மெக்கானிக் இதை ஒரு ஐஸ்கிரீம் கடையில், பிரித்துப் போட்ட கம்ப்ரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்து முடித்தார். முடித்ததும் அழுகை வந்துவிட்டது. கடைக்காரர் பதறிப்போய், "என்னண்ணே, காயில் போச்சா?" என்று கேட்டார்.

அவர் மனைவிக்கோ அதே இடத்தில் சிரிப்பு வந்தது.

"முதல் தடவையே எழுந்து போய்த் திறந்திருந்தா குடையைக் குடுத்து அனுப்பிட்டு வேற வேலையைப் பாத்திருப்பா. இதுக்கு இத்தனை பிறவியா? சரியான சோம்பேறி."

"உனக்கு மனசுல ஈரமே இல்ல."

"உங்களுக்கு ரொம்ப இருக்கு. அதான் ஆறு வருஷமா கூடப் பிறந்த அண்ணன்கிட்ட பேசாம இருக்கீங்க."

மெக்கானிக் எழுந்து முகம் கழுவப் போனார்.

அந்தச் சண்டையின் வரலாறு ரொம்பச் சின்னது. அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜை இவர் பழுதுபார்த்துக் கொடுத்தார். அது ஓடியது, ஆனால் லாரி மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. பிறகு ஒரு கல்யாணப் பந்தியில், சொந்தபந்தம் எல்லாரும் இலையில் கைவைத்த நேரம் பார்த்து அண்ணன், "என் தம்பி கைவச்ச ஃப்ரிட்ஜ்ல பால் வச்சா கொதிச்சுடும்" என்றார். பந்தியே சிரித்தது. மெக்கானிக் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார். அண்ணன் கூப்பிடவில்லை. இவர் போகவில்லை. இரண்டு பேருக்கும் வீம்பு ஒரே அம்மாவிடமிருந்து வந்தது, குறைய வழியில்லை.

போன வாரம் அண்ணி போன் செய்தாள். மகள் இருக்கும் நாட்டுக்கே ஒரேயடியாகப் போகிறார்களாம். வீட்டைக் காலி செய்தாகிவிட்டதாம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு ரயில், அங்கிருந்து விமானம்.

"அவர் வாய்விட்டுக் கேக்க மாட்டார், தம்பி. ஆனா ஸ்டேஷன்ல திரும்பித் திரும்பிப் பாப்பார். எனக்குத் தெரியும். நீங்க வந்தா நல்லாருக்கும்."

நாவலைப் படிக்காமல் இருந்திருந்தால், "பாக்கலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். குடை மனதில் மாட்டிக்கொண்டதால், "வர்றேன்" என்றார். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது, அதே சனிக்கிழமைதான் மன்றக் கூட்டம். வராத சாதாரண வாசகரின் குடும்பத்துக்கே உறுப்பினர் அட்டை ரத்தாகும் என்று அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

மனைவி இரண்டே வரியில் தீர்ப்புச் சொன்னாள். "கூட்டம் பதினோரு மணிக்கு, ஒரு மணி நேரம்னு போட்டிருக்கு. எனக்கு அட்டையும் வேணும், உங்களுக்கு உங்க அண்ணனும் வேணும், ரெண்டையும் முடிச்சுட்டு வாங்க."

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, திருப்பிக் கொடுக்கவேண்டிய நாவலைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

நூலக வாசலில் செயலாளர் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டிருந்தார். சிரித்தார் என்று சொல்ல முடியாது. "வாங்க வாங்க, முதல் தடவையா வர்றீங்க?" என்று வரவேற்று, இவர் போனை வாங்கி ஓர் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். விவாதத்தின் புனிதம் கெடக் கூடாதாம். மன்ற அறையில் ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டிருந்தது. சுவரில் பெரிய கடிகாரம். பதினொன்று.

முதலில் மறைந்த வாசகர்களுக்காக ஒரு நிமிட மௌனம். பிறகு வரவேற்புரை. பிறகு ஆளுக்கொரு டீ, இரண்டு பிஸ்கட். பிறகு தலைவர் எழுந்தார். ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் அவர். தொண்டையைக் கனைத்தாலே பின்பெஞ்சு எழுந்து நிற்கும் என்பார்கள்.

"சுருக்கமாகப் பேசுறேன்" என்று ஆரம்பித்து, சுருக்கத்தின் அருமையைப் பற்றியே நெடுநேரம் பேசினார். பிறகு நாவலுக்கு வந்தார்.

"இது நடக்கவே முடியாத கதை. அறிவுள்ள மனுஷன் யாராவது ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வானா? ஒரு தடவை செஞ்சு பாத்து தப்புன்னு தெரிஞ்ச பிறகும் அதையே செய்வானா? சரி, எனக்கே மறுபடியும் வாழ்க்கை கிடைக்குதுன்னு வச்சுக்கங்க. ஒரு கமாவைக்கூட மாத்த மாட்டேன். நான் போட்ட கமா எல்லாம் சரியான கமா. என் மகன் என்கூடப் பேசுறதில்ல. அது அவன் பக்கத்துப் பிழை. மூலத்துல பிழை இல்ல."

அடுத்து பதிவாளர். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் ஆயுள் முழுக்க இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நாவல் ராத்திரி தூக்கத்தையே கெடுத்துவிட்டதாம்.

"செத்துட்டா. சரி. பதிவு பண்ணியாச்சு. மறுபடியும் பிறக்குறா. அப்போ முதல் மரணத்தை யார் ரத்து பண்றது? எந்தப் பிரிவுல? ஆசிரியர் ஒரு வரிகூட எழுதல. என்கிட்ட ஒருத்தர் உயிரோட வந்து நின்னு, 'நான் சாகல, தப்பா பதிஞ்சுட்டீங்க'ன்னு கெஞ்சினார். நாலு வருஷம் அலைய விட்டேன். கடைசில அவரே செத்து, பதிவைச் சரியாக்கினார். அப்படி இருக்கணும் ஒழுங்கு."

சொல்லிவிட்டுப் பெருமையாகச் சுற்றிப் பார்த்தார்.

மூன்றாவது எழுத்தாளர் அம்மா. நாற்பது நாவல் எழுதியவர். "இந்தக் கரு எனக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே தோணிச்சு" என்றார். "எழுதல. எழுதியிருந்தா குடை வராது, கைப்பை வரும். குடையில ஆழம் இல்ல. நான் எழுதாம விட்ட நாவல் இதைவிட எவ்வளவோ மேல்."

கடைசியாகச் சாதாரண வாசகர். மெக்கானிக் எழுந்து நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"எனக்கு அழுகை வந்துச்சுங்க. குடைக்காகத்தான்னு தெரிஞ்சதும். பெருசா ஏதோ சொல்லப் போறான்னு பயந்துதானே அத்தனை தடவை திறக்காம இருந்தா? என் வீட்டம்மா சிரிச்சாங்க. ரெண்டும் சரிதான்னு தோணுது."

செயலாளர் மேஜைமேல் இருந்த மணியை ஒரு தட்டு தட்டினார்.

"கருத்து வேறுபாடு. கூட்டம் செல்லாது."

நாற்காலிகள் நகர்ந்தன. எல்லாரும் எழுந்து பின்வாசல் வழியாகச் சந்துக்குள் இறங்கினார்கள். முடிந்துவிட்டது என்று மெக்கானிக்கும் சந்தோஷமாக இறங்கினார். ஆனால் அவர்கள் வரிசையாகச் சந்தில் நடந்து, டீக்கடையைத் தாண்டி, தெருமுனையில் திரும்பி, மறுபடியும் நூலகத்தின் முன்வாசலுக்கு வந்து நின்றார்கள். அங்கே செயலாளர் உள்வழியாக முந்திக்கொண்டு வந்து, அதே சிரிப்போடு நின்றிருந்தார்.

"வாங்க வாங்க, முதல் தடவையா வர்றீங்க?"

"சார், இப்பத்தானே..."

செயலாளர் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு விளக்கினார். முன்னொரு வருஷம் இந்த மன்றத்தில் கருத்து வேறுபாடு வந்து, ஒரு கவிஞர் இன்னொருவரின் கண்ணாடியை மிதித்து, விஷயம் வெளியே நாறிவிட்டது. அன்றிலிருந்து விதி: முதல் கூட்டத்திலேயே, ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும். ஒருமனது வராவிட்டால் அது முதல் கூட்டம் ஆகாது. ஆகவே அது நடக்கவில்லை. ஆகவே இனிமேல்தான் முதல் கூட்டம்.

"அப்போ நான் குடிச்ச டீ?"

"எந்த டீ?" என்றார் செயலாளர்.

உள்ளே போனபோது அவர் ஒரு ஸ்டூலில் ஏறிக் கடிகார முள்ளைப் பதினொன்றுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். யாரும் அதை வேடிக்கைகூடப் பார்க்கவில்லை. "நல்லா இருக்கீங்களா, பாத்து எவ்வளவு நாளாச்சு!" என்று பதிவாளர் எழுத்தாளர் அம்மாவைக் குசலம் விசாரித்தார். மறைந்த வாசகர்களுக்கு மறுபடியும் மௌனம். வரவேற்புரை. டீ. பிஸ்கட்.

தலைவர் எழுந்தார். "சுருக்கமாகப் பேசுறேன். இது நடக்கவே முடியாத கதை. அறிவுள்ள மனுஷன் யாராவது ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வானா?"

மெக்கானிக் கனவா நனவா என்று தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார். தலைவர் கமாவுக்கு வந்தார். மகனுக்கு வந்தார். மூலத்தில் பிழை இல்லை என்று முடித்தார். பதிவாளர் அதே ஆளை நாலு வருஷம் அலையவிட்டு அதே இடத்தில் சாகடித்தார்.

"அதான் அப்பவே சொன்னீங்களே சார்" என்று இவர் வாய்விட்டுவிட்டார்.

"எப்போ?" என்றார் பதிவாளர், நிஜமாகவே திகைத்து.

பிழைக்கிற வழியைப் பார்ப்போம் என்று மெக்கானிக் தன் முறை வந்ததும் எழுந்து, "தலைவர் ஐயா சொன்னதுதான் சரி. நடக்க முடியாத கதை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். இதோடு விட்டது தொல்லை என்று நினைத்தார். எழுத்தாளர் அம்மா கையைத் தூக்கினார்.

"மன்னிக்கணும். சாதாரண வாசகரும் நானும் ஒரே கருத்துல இருந்தா நான் எதுக்கு நாற்பது நாவல் எழுதினேன்? என் கருத்தை மாத்திக்கிறேன். நாவல் அற்புதம்."

மணி. கூட்டம் செல்லாது. பின்வாசல், சந்து, டீக்கடை, தெருமுனை, முன்வாசல். வாங்க வாங்க, முதல் தடவையா வர்றீங்க?

இப்படியே நாள் நகர்ந்தது. நாவல் அற்புதம் என்று மெக்கானிக் சொன்னால் தலைவர் எதிர்த்தார். தலைவர் விட்டுக்கொடுத்தால், விட்டுக்கொடுக்கப்பட்ட கருத்து எனக்கு வேண்டாம் என்று எழுத்தாளர் அம்மா முறுக்கிக்கொண்டார். எல்லாரும் ஒரு வழியாக ஒத்துப்போன ஒரு தடவை, இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போவது சந்தேகத்துக்குரியது என்று பதிவாளர் ஆட்சேபம் பதிந்தார். முடிவுக்குப் பிறகுதான் சாப்பாடு என்று விதி இருந்ததால் சாப்பாடும் இல்லை. வயிற்றில் டீ மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அலமாரிக்குள் இவர் போன் அடித்து ஓய்ந்தது. மனைவிதான்.

அறைக்குள் எப்போதும் பதினொன்றேகால், பதினொன்றரை. உண்மையான நேரம் சந்தில்தான் இருந்தது. முதலில் இறங்கியபோது சந்து முழுக்க வெயில். அப்புறம் பாதிச் சுவர்வரை நிழல். இன்னொரு தடவை டீக்கடைக்காரரிடம் மணி கேட்டார். "நாலே முக்கால்ண்ணே. என்ன, உள்ள ஏதாவது பிரார்த்தனையா? காலைலேருந்து சுத்திச் சுத்தி வர்றீங்க?"

நாலே முக்கால். ஸ்டேஷனுக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அப்போதுதான் மெக்கானிக்குக்கு அந்த நாவல் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். அவளைப்போல எனக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறதே, இவர்கள் யார் யார் எந்த இடத்தில் முறுக்கிக்கொள்வார்கள் என்று மனப்பாடமாகத் தெரியுமே, அதை வைத்துக் காரியத்தை முடித்தால் என்ன?

இந்தத் தடவை உள்ளே போனதும் அவரே பேச்சை எடுத்துக்கொண்டார். எழுத்தாளர் அம்மாவிடம், "அம்மா, படிக்கும்போதே நினைச்சேன், இங்க ஒரு கைப்பை இருந்திருந்தா எங்கேயோ போயிருக்கும்" என்றார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பதிவாளரிடம், "ஆட்சேபம் இருந்ததாகவும், அது பரிசீலிக்கப்பட்டதாகவும் தீர்மானத்துலயே ஒரு வரி போட்டுடலாம் சார்" என்றார். ஆட்சேபம் செய்யாமலே ஆட்சேபம் பதிவாகும் என்பதில் பதிவாளர் சொக்கிப்போனார். தலைவரிடம், "ஐயா மாதிரி கமா மாத்தாம வாழ்ந்தவங்களுக்கு இந்த நாவல் தேவையே இல்ல" என்றார். தலைவர் முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

ஒருமனது வந்தேவிட்டது. செயலாளர் தீர்மானத்தை எழுதிப் படித்தார்:

"இந்த நாவல் வாசகர்களுக்கு வேறுபட்ட உணர்வுகளைத் தருவதாலும், பரிசுக்குரிய நாவல் ஒரே உணர்வையே தரவேண்டும் என்பதாலும், இது எந்த வாசகரையும் எந்தச் செயலுக்கும் தூண்டவில்லை என்பதாலும், இதற்குப் பரிசில்லை என முதல் கூட்டத்திலேயே ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தாள் மெக்கானிக்கிடம் வந்தது. ஒரு கையெழுத்து. போட்டால் அட்டையும் பிழைக்கும், ரயிலும் கிடைக்கும். அவர் ஒன்றும் பெரிய சத்தியசந்தர் இல்லை. ஓடாத ஃப்ரிட்ஜை 'ரெண்டு நாள்ல ஓடிடும்' என்று சொல்லி நழுவியவர்தான். பேனாவை வாங்கினார். தாளை இன்னொரு தடவை படித்தார்.

"போடுங்க" என்றார் செயலாளர்.

"இதுல ஒரு வரி இடிக்குது சார்."

"எந்த வரி?"

"எந்தச் செயலுக்கும் தூண்டலைன்னு இருக்கு. நான் இங்கிருந்து நேரா ஸ்டேஷனுக்குப் போறேன் சார். அண்ணன் ஒரேயடியா ஊரை விட்டுப் போறார். ஆறு வருஷமா பேசல. இதைப் படிக்கலைன்னா நான் போகவே மாட்டேன். சட்டையைப் பாருங்க, இஸ்திரி போட்டு வந்திருக்கேன். தூண்டலைன்னு எப்படி சார் கையெழுத்துப் போடுறது?"

தலைவர்தான் மெதுவாகக் கேட்டார்.

"எதுக்குச் சண்டை?"

"ஒரு ஃப்ரிட்ஜுக்கு."

"ஃப்ரிட்ஜுக்கா?"

"ஆமா. நல்லா யோசிச்சா அதுக்குக்கூட இல்ல. பந்தியில எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வேறு யாரோ ஒருவருடைய முகமாக இருந்தது, கொஞ்சம் பயந்த முகம். "என் பையன் ஒரு புத்தகக் கடை வைக்கணும்னு சொன்னான்" என்றார். "படிச்ச பரம்பரைல ஒருத்தன் கடையில உக்காருவானான்னு, எல்லார் முன்னாடியும் நான்..."

மணி அடித்தது. இரண்டு தட்டு.

"தலைவர் நிகழ்ச்சி நிரல்ல இல்லாததைப் பேசுறார்" என்றார் செயலாளர். "கூட்டம் செல்லாது."

எல்லாரும் எழுந்தார்கள். பின்வாசல். சந்தில் வெயில் போய்விட்டிருந்தது. மெக்கானிக்கும் தலைவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். டீக்கடை வந்தது. தெருமுனை வந்தது. வலது பக்கம் திரும்பினால் நூலகத்தின் முன்வாசல். இடது பக்கம் பஸ் நிறுத்தம்.

நாள் முழுக்க இதே முனையில்தானே திரும்பினோம், ஒருவரும் நம் கையைப் பிடித்து இழுக்கவில்லையே என்று மெக்கானிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. இடது பக்கம் திரும்பினார்.

"எங்க போறீங்க?" என்றார் தலைவர்.

"ஸ்டேஷனுக்கு. நீங்களும் உங்க பையனைப் பாத்துட்டு வாங்களேன் சார். கடை எங்க இருக்கு?"

"ரெண்டு தெரு தள்ளி."

தலைவர் அந்தத் திசையைப் பார்த்தார். ஓர் அடி எடுத்துக்கூட வைத்தார் என்று மெக்கானிக் பிறகு சத்தியம் செய்தார். அப்புறம் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "கூட்டத்துக்கு நேரமாச்சு" என்று சொல்லி வலது பக்கம் போய்விட்டார்.

பஸ்ஸை நோக்கி ஓடும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது: "வாங்க வாங்க, முதல் தடவையா வர்றீங்க?"

போன் அலமாரியிலேயே கிடந்தது. கிடக்கட்டும்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது ரயில் நின்றிருந்தது. பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே ஓடினார். ஜன்னலோரத்தில் அண்ணன். தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணி சொன்ன மாதிரியே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், தம்பியைக் கண்டதும் சட்டென்று நேராகப் பார்த்துக்கொண்டார்.

மெக்கானிக் பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்ததெல்லாம் மூச்சிரைப்பில் போய்விட்டது. பைக்குள் கையை விட்டு நாவலை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"என்னது?" என்றார் அண்ணன், முன்னால் பார்த்தபடியே.

"நாவல். படிண்ணே."

அண்ணன் வாங்கிக்கொண்டார். அட்டையைப் பார்த்தார். ரயில் ஊதியது.

"அந்த ஃப்ரிட்ஜை விக்கல" என்றார் திடீரென்று. "உன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டேன். நாளைக்கு வரும்."

"ஓடுதா?"

"ஓடுது. சத்தம்தான். பால் இன்னும் கொதிக்கல."

மெக்கானிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே ரயிலோடு ஓடினார். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "பாத்துடா, விழுந்து தொலைக்காதே" என்று கத்தினார். அண்ணி ஒரு பக்கம் சிரித்து, ஒரு பக்கம் அழுதுகொண்டிருந்தாள்.

ஃப்ரிட்ஜ் வந்தது. அடுப்படியில் இடமில்லாமல் கூடத்தில் நின்றுகொண்டு லாரி ஓட்டியது. மறுவாரம் நூலகத்திலிருந்து ஓர் ஆள் போனையும் ஒரு கடிதத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். நடக்காத கூட்டத்துக்கு வராமல் இருந்ததற்காகக் குடும்பத்தின் உறுப்பினர் அட்டை ரத்து செய்யப்பட்டிருந்தது. கையிலிருக்கும் நாவலை உடனே ஒப்படைக்கவேண்டும்; ஒப்படைக்க வரும்போது செல்லுபடியாகும் உறுப்பினர் அட்டையைக் காட்டவேண்டும்.

பரிசு யாருக்கென்று பத்திரிகையில் வந்தது. தலைவர் எழுதிய 'ஒழுக்கமும் ஒற்றுமையும்' என்ற கட்டுரைத் தொகுதிக்கு. நாவலுக்கான பரிசைக் கட்டுரைக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் அது ஒன்றைப் பற்றித்தான் மன்றத்தில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஒருவரும் அதைப் படித்திருக்கவில்லை.

மனைவி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அட்டை போனதில் அவளுக்கு நிஜமாகவே வருத்தம்தான். அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு, "நூலகத்துலேருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு புத்தகக் கடை இருக்காமே, வாடகைக்கும் குடுப்பாங்களான்னு கேட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பிவிட்டாள். திரும்பி வந்து, கடைக்காரப் பையன் நல்ல மாதிரி என்றாள். தினமும் சாயங்காலம் ஒரு பெரியவர் எதிர் நடைபாதையில் நின்று கடையைப் பார்த்துவிட்டுப் போவாராம், உள்ளே வரமாட்டாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. நீளமான நம்பர்.

"டேய், படிச்சு முடிச்சேன்" என்றார் அண்ணன். ஹலோகூட இல்லை. "படு மோசமான நாவல்."

"என்னண்ணே சொல்ற?"

"அந்தத் தங்கச்சிக்காரி குடைக்கா வந்தா? குடைங்கிறது சாக்குடா மடையா. அதுகூடப் புரியாம அக்கா ஓடிப்போய்க் குடையை எடுத்துக் குடுக்குறா. ஆசிரியனுக்கே தன் கதை புரியல."

"உனக்குத்தான் புரியல. சாக்குன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுக்குறா."

"தெரிஞ்சா உள்ள கூப்பிட்டிருப்பா."

"கூப்பிட்டாளா இல்லையான்னு எழுதல, அவ்வளவுதான்."

"எழுதாததை நீ எப்படிடா படிச்ச?"

குரல்கள் ஏறின. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நான்தான் சொன்னேனே, அவ சோம்பேறின்னு" என்று தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினாள். அந்தப் பக்கம் அண்ணி, "ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்ல" என்று சொல்வது கேட்டது. ஃப்ரிட்ஜ் வேறு இரைந்தது. யாரும் யாரோடும் ஒத்துப்போகவில்லை. யாரும் போனையும் வைக்கவில்லை.

"சரி, உன் வழிக்கே வர்றேன்" என்றார் அண்ணன், மூச்சு வாங்க. "மறுபடியும் முதல்லேருந்து சொல்லு."

அந்த வார்த்தையைக் கேட்டதும் மெக்கானிக்கின் கண் தன்னையறியாமல் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியை ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சம்மணம் கொட்டி உட்கார்ந்துகொண்டார்.

"கேட்டுக்கோண்ணே" என்றார். "ஒரு பொண்ணு வயசாகிச் செத்துப் போறா."